பானெட்டின் சூடு

கடையை அடைத்துவிட்டு வந்ததும் தையற்காரி முதலில் போவது கார் ஷெட்டுக்குத்தான். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பெரும்பாலும் சில்லென்றிருக்கும். சில நாட்களில் மட்டும், காய்ச்சல் விட்ட உடம்பு போல வெதுவெதுப்பாக இருக்கும்.

புருஷன் இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்ததுகூட இல்லை; காலி சீட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இந்தச் சூட்டைப் பற்றி யாரிடமும், ஒரே வீட்டில் இருக்கும் நாத்தனாரிடம்கூட, மூச்சு விடவில்லை. சொன்னால் மண்டை குழம்பிவிட்டது என்பார்கள். இல்லாவிட்டால் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவதை நினைத்துத்தான் அவளுக்குப் பயம்.

ஆறு மாதத்துக்கொருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட வைப்பது அவர் வழக்கம். அவளும் அதை விடவில்லை.

“ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா டயர் மாத்தணும்? பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், மாத்தலாம். நிக்கிற வண்டிக்குக் காத்து பாத்து, அப்பப்ப கொஞ்சம் உருட்டி வெச்சாப் போதும்” என்று மெக்கானிக் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டே ஜாக்கியை வைத்தார். பாட்டு பாதியில் நின்றது. முன் டயரின் பள்ளத்திலிருந்து ஒரு பொடிக்கல்லை நெம்பி எடுத்தார்.

“இது ஓடுதேம்மா.”

அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

“சீட்டு இவ்ளோ முன்னாடி கெடக்கு. அய்யா உயரத்துக்கு இதுல உக்காந்தா முட்டி மோவாயில இடிக்கும். பேயே ஓட்டியிருந்தாலும் குட்டைப் பேயாத்தான் இருக்கணும்.”

அவர் சிரித்தார். டீ கொண்டுவந்த நாத்தனார் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் குட்டைதான்.

மெக்கானிக் போனபிறகு நாத்தனாரே வாயைத் திறந்தாள்.

“அண்ணன் சொல்லிக் குடுத்தது, மறந்துடுமோன்னு பயமா இருந்துச்சு அண்ணி. நீங்க கடைக்குப் போனப்புறம் ஒரு சுத்து போயிட்டு வருவேன். வண்டியில உக்காந்தா, ‘கிளட்ச்சை மெதுவா விடுடி கழுதை’ன்னு காதுல கேக்குது. இனிமே தொடமாட்டேன்.”

தையற்காரி டீத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாத்தனார் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் பானெட் சில்லென்றிருந்தது. அதற்கடுத்த நாளும். அந்த வாரம் முழுக்க அப்படியே. காரணம் தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை கேட்கவில்லை, பிணத்தைத் தொட்டதுபோல ஒவ்வொரு சாயங்காலமும் பின்வாங்கியது.

ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவள், சாவியை அடுப்பு மேடையில் நாத்தனாரின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போ. நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்து நிறுத்திடு.”

“சரி அண்ணி.”

“எடுத்தியா இல்லையான்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே.”