பெரியப்பாவின் நாக்கு

என் பெரியம்மா தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரி. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் எந்த அண்டாவையும் இறக்கமாட்டார். அந்தக் கையின் மணிக்கட்டில் ஊதா நிறத் தடிப்புகள் வந்தன, அரித்தன. பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை வலை பின்னியது, ஈறு உரிந்தது, வெறும் வெந்நீரே எரிந்தது.

பெரியம்மா டாக்டரிடம் போகவில்லை, கேண்டீன் சூப்பில் மிளகாயைக் குறைத்தார். மறுபடி எரிந்தது, மறுபடி குறைத்தார். கடைசியில் உப்பிலும் கை வைத்தார். எரிவது தன் வாய்தான், சூப் அல்ல என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சாப்பாடு வழி தவறி இங்க வந்திருச்சு" என்று மெஷின்காரர் ஒருவர் தட்டைத் தள்ளினார். பரிமாறுகிறவன் நான், வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேனேஜர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ருசி திரும்பாவிட்டால் வேறு ஆள்.

அப்புறம்தான் டாக்டர்.

"லைக்கன் பிளானஸ். அதிகம் பேருக்கு வராத வியாதி, உங்களுக்குத் தோலையும் வாயையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. யாருக்கும் ஒட்டாது. முழுசா போகாது, மருந்து போட்டு அடக்கி வைக்கலாம்."

"சமைக்கலாமா?"

"தாராளமா. ருசி மட்டும் பாக்காதீங்க."

நீந்தலாம், நனையக் கூடாது என்ற கதை.

ருசி பார்க்கும் வேலை பெரியப்பா தலையில் விழுந்தது. அதே கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்பவர். அதை நம்பித்தான் பெரியம்மா வீட்டுச் சமையலை மட்டும் நக்கிப் பார்த்ததேயில்லை, தன் சாப்பாட்டைக் கேண்டீனிலேயே முடித்துவிடுவார்.

தவணையின் கடைசி நாள் பெரியப்பா சூப்பை நக்கினார்.

"நல்லாருக்கு."

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. "இன்னைக்கும் இதையே சொன்னா என் வேலை போயிடுங்க."

பெரியப்பா இன்னொரு சொட்டு விட்டுக்கொண்டார். "உப்பு பத்தல. காரம் சுத்தமா இல்ல" என்றார். திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவர் குரல்.

பெரியம்மா சரிசெய்தார். தட்டுகள் வழித்துத் துடைத்து வந்தன. மேனேஜர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார், வேறு ஆள் தேடுவதை விட்டார்.

அன்று அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு.

"இது எப்படிங்க?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "உப்பு பத்தல."

"இன்னைக்கா?"

"கல்யாணத்துல இருந்தே."

பெரியம்மா உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, வாயைத் திறந்தால் ஈறு எரியும் என்று தெரிந்தும், சிரித்தார்.