காளை நிற்க நாலு விரல் இடம்

போன வியாழக்கிழமை சாயங்காலம், கம்பெனியில் ஆடிட் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஃப்ரேம் கடை இலியாஸ் பாய்.

"சார், உங்க மாட்டுப் படம் இருக்குதில்ல... சுத்தியும் வெள்ளப் பேப்பரு ரொம்ப விட்டிருக்காங்க. அடியில யாரோ பென்சில்ல கிறுக்கி வேற வச்சிருக்காங்க. எல்லாத்தயும் நீட் பண்ணிடறேன்."

"பாய், இருங்க..." என்பதற்குள் லைன் கட்.

திரும்பக் கூப்பிட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும்... மறுபடியும்... ம்ஹூம்.

வாராவாரம் இதைப் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். விலங்குப் படங்கள் சேர்க்கிறவன் நான். காலண்டர் படமல்ல, ஓவியர்களே செம்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, அச்செடுத்துத் தருகிற பிரின்ட்டுகள். எருமை, கழுதை, ஒற்றைக் கோட்டில் ஒரு யானை... ஹாலுக்குள் வருகிற சொந்தக்காரர்கள், "மாட்டாஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதிலெல்லாம் உசத்தி இந்தக் காளை. ஆனேக்கல்லில் இருக்கும் ஓவியர் சௌம்யா, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எருது விடும் விழாவில் பார்த்து வரைந்தது. பத்தே பத்துப் பிரதி. பத்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு இழுத்துக் கெடுத்துவிட்டார். பதினொன்றாவது கிடையாது.

பாய் கிறுக்கல் என்றாரே, அது என்ன தெரியுமா? ஒரு மூலையில் 3/10, அதாவது பத்தில் மூன்றாவது பிரதி என்ற நம்பர், இன்னொரு மூலையில் சௌம்யாவின் கையெழுத்து. பென்சிலில்தான் போடுவார்கள். அது போனால், சேகரிப்பவர்கள் மத்தியில் அந்தப் படத்துக்கு மரியாதையே இல்லை. அந்த சௌம்யா ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தார். "என் காளைய எங்க மாட்டியிருக்கீங்கன்னு பாக்கணும் அண்ணா" என்று சொல்லியிருந்தார்.

வழக்கமாக பெங்களூரில்தான் ஃப்ரேம் போடுவேன். அவசரத்துக்கு இங்கே பாகலூர் ரோட்டில் பாயிடம் கொடுத்தேன். பாய் பெரும்பாலும் போடுவது சாமி படமும் கல்யாண போட்டோவும். அதில் வெள்ளை ஓரம் தெரிந்தால் கஸ்டமர் திட்டுவார், அதனால் ஒட்ட வெட்டிவிடுவது அவர் வழக்கம். நான் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா? புத்தி எங்கே போச்சு?

மேனேஜரிடம் வயிற்றுவலி என்றேன். வண்டியை எடுத்தால், சிப்காட்டில் ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நகரவே மாட்டேன் என்கின்றன. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த மூலைதான் கண்ணில் நின்றது. இந்நேரம் கத்தியை வைத்திருப்பாரா? போனை ஏன் எடுக்கவில்லை? இடையில் புகுந்து போனதற்கு ஒருத்தர் கன்னடத்தில் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கடை திறந்திருந்தது. ஆள் இல்லை. மேஜைக்கு அடியில் நீள நீளமாக மூன்று வெள்ளைத் துண்டுகள். அந்தத் தடிமனான பேப்பர் எனக்குத் தெரியும்.

தலையில் தொப்பியோடு பாய் வந்தார். "மசூதிக்குப் போயிருந்தேன் சார். போன சைலன்ட்ல போட்டுட்டேன்."

"படம் எங்க பாய்?"

சுவரில் சாய்த்திருந்ததைத் திருப்பினார். மேலேயும் இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டியிருந்தார். கீழே மட்டும் நாலு விரல் வெள்ளை அப்படியே இருந்தது. அப்பாடா... மூச்சு வந்தது. குனிந்து மூலையைப் பார்த்தேன்.

நம்பரைக் காணோம். கையெழுத்தையும் காணோம்.

"அழுக்கா இருந்துச்சு சார். ரப்பர் வச்சு சுத்தமா எடுத்துட்டேன்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. நான் ஓய்ந்த பிறகு பாய் மெதுவாகச் சொன்னார்.

"தெரியாம பண்ணிட்டேன் சார், தப்புதான். அடியிலயும் வெட்டத்தான் ஸ்கேல் வச்சேன். அப்புறம் பாத்தா... மாடு முன்கால ஊணி நிக்குது. அந்த எடத்த எடுத்துட்டா காலு அந்தரத்துல தொங்கும். அதான் விட்டுட்டேன்."

அதெல்லாம் அப்போது என் காதில் ஏறவில்லை. ஞாயிறுவரை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு சௌம்யாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடியிலயும் வெட்டிட்டாரா அண்ணா?"

"இல்லம்மா, நாலு விரல் இருக்கு. ஆனா நம்பர் இல்ல, உங்க கையெழுத்து இல்ல..."

"அது கெடக்கட்டும். கீழ எடம் இருக்குதில்ல? அப்போ சரி. மாடு நிக்கும்."

பாய் என்னைப் பார்த்தார். 'நானும் அதைத்தானே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில், பார்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் நம்பரைத்தான் பார்ப்போம். நம்பர் சரியாக இருந்தால்தான் பார்ட்டையே பார்ப்போம். படத்திலும் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். வரைந்தவர் மாட்டைப் பார்த்தார், வெட்டியவர் மாட்டைப் பார்த்தார். வாங்கியவன் மூலையைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்ததும் முகத்தைப் பார்க்கிறோமா, மார்க்கைப் பார்க்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை சௌம்யா சாப்பிட்டுவிட்டு, படத்தை இறக்கி ஃப்ரேமைக் கழற்றச் சொல்லி, பையிலிருந்து பென்சிலை எடுத்தார். 'வேண்டாம்மா, மாடு போதும்' என்று நான் சொன்னதாக எழுத ஆசைதான்.

பொய் சொல்வானேன்... ஷார்ப்பனரே நான்தான் தேடிக் கொடுத்தேன்.