மேசையைத் தட்டிய கை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பொறியியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கத்தோலிக்க மாணவர் விடுதிப் பாதிரியார் ஒரு கோடை விடுமுறையில் சிறு குழுவோடு தான்சானியாவுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு மிஷன் பள்ளியில் மாணவத் தலைவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி. மூன்று ஜெர்மன் மாணவர்கள், கூட நான். ஆங்கிலம் சரளமாக வரும் என்பதால் மேடைப்பேச்சுப் பயிற்சி என் பொறுப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அறை நண்பன் மதுரைக்காரன். "டேய், நம்ம ரூம்ல சமையலுக்கு முறை போட்டு ஒரு வாரம் ஒழுங்கா நடத்த முடியல உன்னால. நீ போய் லீடர்ஸை உருவாக்கப் போறியாக்கும்!" என்று கிண்டலடித்தான். வந்து பேசிக்கொள்கிறேன் என்று பெட்டியைத் தூக்கினேன்.

உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் நடத்தினேன். வாய் திறக்காத பையன்கள்கூட முதல் வாரத்திலேயே என்னோடு வாதம் செய்ய ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு பெண் இருந்தாளே, கெட்டிக்காரி. அவள் தங்கியிருந்த மாணவிகள் விடுதியில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தினமும் ஆற்றிலிருந்து சுமந்து வருவதற்குள் மாணவிகளுக்கு முதல் வகுப்பு போய்விடும். பயிற்சியின் கடைசி நாள் மாலை, தலைமையாசிரியரிடம் குழாய் கேட்டுப் பேச எல்லோரும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதுவரை எந்த மாணவியும் அவர் முன் எழுந்து நின்று எதையும் கேட்டதில்லையாம்.

அன்று காலை ஒத்திகை. "தண்ணி சுமக்கிற இதே தலையாலதான் நாங்க பரீட்சையும் எழுதறோம்" என்றாள் பாருங்கள், அசந்துபோனேன்! என்னை மறந்து, மடக்கிய விரல்களால் மேசையைத் தடதடவென்று தட்டினேன். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கைதட்ட மாட்டார்கள். பேச்சு பிடித்தால் இப்படித்தான் பாராட்டுவார்கள். என் ஜெர்மன் நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் காகிதத்தை மடித்தாள். "ஸாரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். பேச்சு முடிந்தது என்று நினைத்து, 'சுருக்கம், பிரமாதம்' என்று நோட்டில் வேறு எழுதிவைத்தேன், மடையன்.

மதியச் சாப்பாட்டில் அவளைக் காணோம். அவள் தோழி என் எதிரே வந்து நின்றாள்.

"பாதியிலேயே ஏன் சார் அவளை உட்காரச் சொன்னீங்க? இங்க டீச்சர் மேசையைத் தட்டினா வாயை மூடுன்னுதான் அர்த்தம். அவ பெட்டியோட பஸ்ஸுக்குப் போயிட்டா."

எனக்குச் சுருக்கென்றது. டார்ம்ஸ்டாட்டில் என் முதல் கருத்தரங்கு நினைவுக்கு வந்தது. நான் பேசி முடித்ததும் அறையே மேசையைத் தட்ட, என்னை விரட்டுகிறார்கள் என்று பயந்து கழிவறையில் போய் ஒளிந்தவன் நான்! ஒரு வருஷத்தில் அதை எப்படி மறந்தேன்?

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் தன் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க, கழிவறைக் கதை உட்பட எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"அந்தப் பயம் உங்களுக்கே தெரியுமே சார். அப்புறம் ஏன் எங்ககிட்ட முதல்லயே சொல்லல?"

நல்லவேளை, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளியைப் பார்த்து நடந்தாள்.

மாலையில் முழுவதையும் பேசினாள். நான் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் "பார்க்கலாம்" என்றார். எல்லோரும் எழுந்தோம். அவள் மட்டும் நகரவில்லை. "எப்போ சார்?" என்றாள். அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்த பருவம் தொடங்குறதுக்குள்ள" என்றார். உடனே அவள் என் பக்கம் திரும்பி, விரல்களை மடக்கி மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? கை வலிக்கும்வரை தட்டினேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை வேலையில் பழக்கியிருக்கிறேன். இன்றும் புதிதாக ஒருவர் என் முன் பேச எழுந்தால், பாராட்டத்தான் மேசையைத் தட்டுவேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பயத்தை என் கையாலேயே இன்னொருவருக்குக் கொடுத்த அந்தக் காலைப் பொழுது இன்னும் என் விரல்களில் வலிக்கிறது.