காபி மாத்திரை

அந்த வார்த்தையை முதன்முதலில் வீடியோ காலில்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முகம் ஒடுங்கிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"தூங்குனீங்களா இல்லியா?" என்றேன்.

"இங்க தூக்கம்லாம் எதுக்கு, மே? காபி மாத்திரை குடுக்கறாங்க. ஒண்ணு போட்டா ரெண்டு நாளைக்கு ஜம்முனு இருக்குது" என்று சிரித்தார்.

காபிப்பொடியை உருட்டி மாத்திரையாக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை இது. அப்படிப்பட்ட புத்திசாலிக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அவர் போனது சண்டை நடக்கிற நாடு என்று எங்களுக்குத் தெரியும். சண்டை ஒரு மூலையில், வேலை இன்னொரு மூலையில் என்று ஏஜென்ட் சொன்னான். ரொட்டி ஃபேக்டரியில் லாரி ஓட்டவேண்டும், கூடவே தங்க இடம், சாப்பாடு. கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு மொழி தெரியாத ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். ரொட்டிப் பெட்டிகளுக்கு அடியில் வேறு பெட்டிகள் ஏறின. லாரி சண்டை நடக்கிற மூலைக்கே போக ஆரம்பித்தது.

அங்கே நடப்பதையெல்லாம் சினிமாக் கதை மாதிரி போனில் சொல்லுவார். முன்னால் போகிற சிப்பாய்களுக்கு மாத்திரையை வரிசையில் நிற்கவைத்துக் கொடுப்பார்களாம். மீசை முளைக்காத பையன்கள்கூட நாலு நாள் தூங்காமல் நிற்பார்களாம். அதன்பின் நின்ற இடத்திலேயே மூட்டை மாதிரி சாய்வார்களாம். "ஒருத்தன் வெறும் மரத்தப் பாத்து சுட்டுக்கினே இருந்தான்மே. யாரோ வர்றாங்கன்னு கத்தறான். அங்க ஒரு காக்கா கூட இல்ல" என்றார். சிப்பாய்கள் மட்டுமில்லை, ரொட்டி ஃபேக்டரிப் பெண்களும் அதே மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டார்கள். ஆம்பளைகள் சண்டைக்குப் போய்விட்டதால் அவர்களுடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. கேன்டீனில் சூப் ஊற்றுகிற அம்மா ஒருத்தி, மாத்திரையைப் பல்லால் கடித்துப் பாதியைத் தான் போட்டுக்கொண்டு மீதியை இவர் கையில் வைப்பாளாம். கொட்டைப்பாக்கைக் கடித்துப் பங்கு போடுகிற மாதிரி. இதையெல்லாம் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு விபத்தில் விரல்கள் நசுங்கிய பிறகுதான் அவரை விட்டார்கள். திரும்பி வந்த அன்று கூட்டு ரோட்டில் பேனர் கட்டியிருந்தார்கள். 'போர்முனை கண்ட மாவீரரே வருக' என்று போட்டு, எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். என் தோள்பட்டை பாதி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் பாதி, பேனரிலும் பாதி என்று பக்கத்துக் கடைக்காரி கிண்டல் செய்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வந்தவர் தூங்கவில்லை. வீட்டு இரும்பு கேட்டுக்கு ஒரே நாளில் பச்சை பெயின்ட் அடித்தார், மறுநாள் பிடிக்கவில்லை என்று நீலம் அடித்தார். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டார், திரும்ப மாட்டத் தெரியவில்லை. பேச்சு பேச்சு, ஓயாத பேச்சு. தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். தெருவில் யாராவது நின்று போன் பேசினால், "அவன் யாரு? எதுக்கு நம்ம வூட்டையே பாக்கறான்?" என்று என்னைக் குடைவார்.

துணி துவைக்க எடுத்தபோது பெட்டியில் ஒரு சின்னத் தகர டப்பா கிடைத்தது. உள்ளே வெள்ளை மாத்திரைகள். கேட்டதும் ஒத்துக்கொண்டார். டப்பாவை அவரே எடுத்துப்போய்க் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். வந்து மகள் தலையில் கை வைத்து, "அங்கேந்து கொண்டாந்த மாத்திரைய இனிமே தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீற எங்கள் பக்கம் யாருக்கும் துணிச்சல் வராது. நான் அழுதுவிட்டேன்.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. வெடிச் சத்தத்தில் பயந்திருக்கிறார், மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டிப் போ என்றார்கள். கூட்டிப் போனேன். நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். அம்மன் ஊஞ்சலாடுவதைப் பார்க்க ராத்திரி அத்தனை சனமும் கண் விழித்துக் கிடக்கிற இடத்தில் தூங்காதவனை யார் நோயாளி என்பார்கள்? யார் யாருடைய குழந்தைகளையோ தோளில் தூக்கிக்கொண்டு சாமி காட்டினார். கிழவிகளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். விடிந்ததும் கொட்டாவிகூட விடாமல், நாங்கள் போன வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து தெருக்காரர்கள் எல்லாரையும் வீட்டில் இறக்கினார். "ஒன் வூட்டுக்காரருக்கு அம்மா அருள் எறங்கியிருக்குதுடி" என்றார்கள். நானும் அதை நம்பி எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டினேன்.

எனக்கு ஒரே தம்பி. டி.ஃபார்ம் படித்தவன். எங்கள் தெருக்காரர்களை ஒரு காலத்தில் படியேற விடாத கடைகள் காந்தி பஜாரில் இருந்தன. அந்தக் கடைகளுக்கு நடுவில் எங்கள் தெருவிலிருந்து முதலில் மெடிக்கல் ஷாப் போட்டவன் அவன்தான். திறப்பு விழாவுக்கு யார் யாரோ வந்திருந்தும், அக்காதான் ரிப்பன் வெட்டணும் என்று பிடிவாதமாக நின்றான். அந்தப் போர்டைப் பார்க்கவே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவேன். அவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எல்லாவற்றையும் சொன்னேன். தகர டப்பாவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தான்.

"தூக்க மாத்திரைக்கா. பால்ல கலந்து குடு. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத, ரோஷப்படுவாரு."

அவன் சொன்னபடியே செய்தேன். பாலைக் குடித்ததும் கட்டை மாதிரி விழுவார். காலையில் கண் சிவந்து, கால் பின்னி, எழுந்து பஜாருக்குப் போவார். டீ குடித்துவிட்டு வந்தேன் என்று திரும்பும்போது பழையபடி துடிதுடிப்பு வந்திருக்கும். டீயில் இவ்வளவு தெம்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்போது ஒரு குட்டி யானை வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நசுங்கிய விரலோடும் ஓட்டுகிறாரே என்று ஊரார் மெச்சினார்கள்.

ஒரு மதியம் மார்க்கெட் கமிட்டியிலிருந்து போன் வந்தது. தொண்டூர் நெல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி வந்திருந்தான். அவன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான், அவன்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினான். அழாதக்கா என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடறாரு?" என்று கேட்டார்.

"நான் தூக்க மாத்திரை குடுத்துக்கினு இருக்கறேன் மேடம்" என்றேன். தம்பி உடனே அதன் பேரைச் சரியாகச் சொன்னான்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம். நா மெடிக்கல்தான் வெச்சிருக்கறேன், எனக்குத் தெரியாம எதுவும் சாப்பிடமாட்டாரு" என்றான் தம்பி.

டாக்டருக்குத் திருப்தியில்லை. தூக்க மாத்திரை போட்டவருக்கு நெஞ்சு இப்படி அடிக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை அவர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஊசி, டியூப் என்று எழுதிக் கொடுத்ததில் சிலது அங்கே இல்லை. மாமாவை விட்டு நகரமாட்டேன் என்று தம்பி சொன்னதால், நானே ஷேர் ஆட்டோ பிடித்து அவன் கடைக்குப் போனேன்.

கடையில் தம்பி மனைவி இருந்தாள். வெகுளி. சீட்டைப் பார்த்து எல்லாம் எடுத்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு காக்கிக் கவரையும் எடுத்து வைத்தாள்.

"அண்ணி, இதையும் எடுத்துக்கினு போங்க. அண்ணனுக்குன்னு எடுத்து வெச்சது. இன்னைக்குக் காலையில கூட்டமா இருக்கவே அவரு வாங்காமயே பூட்டாரு. அது இல்லாமதான் மயக்கம் வந்துச்சோ என்னமோ."

"இன்னா கவர் இது?"

"அதான் அண்ணி, காபி மாத்திரை. அண்ணன் அப்படித்தான சொல்லுவாரு?"

பனி கொட்டுகிற ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்த வார்த்தை, என் தம்பி கடையில், அவன் பெண்டாட்டி வாயிலிருந்து வந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. தம்பியைச் சபித்து அந்தக் கடை வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அதற்கு நேரமில்லை, அங்கே அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கவரை டாக்டர் கையில் கொடுத்தேன். உள்ளே இருந்த அட்டையில் பேரைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "இதை முதல்லயே சொல்லவேண்டாமா? ஆள் போயிருப்பாரும்மா" என்று கத்திவிட்டு மருந்தை மாற்றச் சொன்னார். நைனா அதற்குள் சேதி கேட்டு வந்துவிட்டிருந்தார். எங்க வாங்குனது என்று டாக்டர் கேட்டார். தம்பி சுவரைப் பார்த்தான். நைனா என்னைப் பார்த்துக் கை கூப்பினார். என்னைப் பெற்றவர் என்னைக் கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவரு சட்டைப் பையில இருந்துச்சு மேடம்" என்றேன். கடை பிழைத்தது.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"நா குடுக்கலன்னா திண்டிவனத்துல எங்கனா கண்டதையும் வாங்கிப் போடுவாருக்கா. நம்ம கிட்டன்னா நல்ல சரக்கா இருக்கும்ல? அக்காகிட்ட சொல்லாதடான்னு மாமா கையப் புடிச்சிக் கெஞ்சுனாரு."

"அப்போ என் கையில எதுக்குடா தூக்க மாத்திரை குடுத்த?"

"நீ அழுதியே. அதுக்கு இது சரியாப்பூடும்னு நெனைச்சேன்."

அதுக்கு இது. காலையில் அவரைக் கிளப்பிவிட்டதும் அவன்தான், ராத்திரியில் படுக்கவைத்ததும் அவன்தான். அவரிடம் சொல்லாதே என்று எனக்குச் சொன்னதையும், என்னிடம் சொல்லாதே என்று அவர் கெஞ்சியதையும் ஒரே வாய்க்குள் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருக்கிறான். அந்த நாட்டில் மாத்திரை கொடுத்தவர்களுக்காவது லாரி போய்ச் சேரவேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. அவர்களுக்கு என் புருஷன் யாரோ. என் தம்பிக்கு அவர் மாமா.

அவர் கண் விழித்ததும் பிள்ளை தலையில் செய்த சத்தியத்தைக் கேட்டேன்.

"அங்கேந்து கொண்டாந்தத தொடமாட்டேன்னுதான சொன்னேன். அத தொடலியே" என்றார். எந்த வக்கீலும் தோற்றுப்போவார். சத்தியம் செய்யும்போதே வார்த்தையைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வலிக்காரரிடம் சண்டை போடக்கூடாது என்று வெளியே வந்து வராண்டாவில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் தூங்கினார். எழுந்து சாப்பிடுவார், திரும்பத் தூங்குவார். முகத்தில் சதை பிடித்தது. மகளோடு கேரம் ஆடினார். என் வீட்டுக்காரர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நம்பினேன். இனிமேல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கமாட்டேன் என்று தம்பி நைனா முன்னால் சொன்னான். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும், பொங்கலுக்குக் கூடப்பிறந்தவன் சீர் கொண்டுவந்தால் வாங்கிக்கோ என்று நைனா சொல்லியனுப்பினார். நைனாவுக்காகச் சரி என்றேன்.

பொங்கலன்று தம்பி வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், ஒரு பையில் பச்சரிசியும் வெல்லமும். நான் அடுப்பில் பானை வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் காலையிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தவர், தம்பியைக் கண்டதும் ஓடிப்போய்ப் பையை வாங்கினார். மச்சான் மேல் இவ்வளவு பாசமா என்று பார்த்தேன். வெல்லத்தை எடுத்துக் கீழே வைத்தார். அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். கை வெறுமையாக வந்தது.

"கொண்டாரலியாடா?" என்றார்.

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். குரலை இறக்கி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா இல்லாதப்பதான் தருவேன்னு சொன்னேன்ல மாமா? முன்ன மாதிரியே கடைக்கு வா."

நான் அடுப்பை அணைத்தேன். கரும்பையும் மஞ்சளையும் வாழைத்தாரையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு படி இறங்கினான். கல்யாணமான நாளிலிருந்து நான் என் வீட்டுக்காரரை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"நீயும் போறதுன்னா போ" என்றேன்.

என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, தம்பி கையிலிருந்த கரும்புக் கட்டைத் தான் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போனார்.