கூடுதலாக இரண்டு வருடம்

இருபத்தாறு வருட ராணுவ சர்வீஸில் நான் துப்பாக்கி தூக்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளெல்லாம் ஸ்டேப்ளர்தான். நான் கிளார்க். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் சிதம்பரத்தில் எங்கள் தெரு டீக்கடையில், "பார்டர்ல எத்தன பேரச் சுட்டீங்க?" என்று கேட்பார்கள். லீவு விண்ணப்பங்களைத்தான் சுட்டுத் தள்ளினேன் என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இருபத்துநான்காவது வருடமே நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஹவில்தாருக்கு அவ்வளவுதான். இன்னும் இரண்டு வருடம் இருக்க விருப்பம் என்றால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை டைப் செய்தவனும் நான்தான், கையெழுத்துப் போட்டவனும் நான்தான். போடுவதற்கு முன் மனைவியிடம் கேட்டேன்.

"பொண்ணு படிப்பு முடியட்டுங்க. இப்ப வந்து இன்னா பண்ணப் போறீங்க? ஏதாவது ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காருவீங்க" என்றாள்.

அதிலும் தப்பு சொல்ல முடியாது. எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனவர்களில் பாதிப் பேர் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் போனது. இரண்டாவது வருடம் தொடங்கியபோது, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் போன் செய்தாள். ஹலோ சொல்வதற்கு முன்பே, "அப்பா, நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

என் மனைவிக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அது கண்ணுக்குள் போய்விட்டதாம். இரண்டு கண்ணுக்கும் பின்னால் ரத்தம் கசிகிறது, மாதம் தவறாமல் கண்ணில் ஊசி போட வேண்டும், விட்டால் பார்வை போய்விடும் என்று பாண்டிச்சேரியில் டாக்டர் சொல்லியிருக்கிறார். கடலூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி, என் மச்சான், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறான். மூன்றாவது முறை, "போதும்னுட்டாருடா டாக்டரு" என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் ஊசி என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? கட்டுப் போட்ட கண்ணோடு இரண்டு பஸ் மாறி வந்து, சாவியைத் தடவித் தடவி ஆளில்லாத வீட்டைத் திறக்க வேண்டும்.

அவள் என்னிடம் இதைச் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் போனில் ஒரு கெட்ட செய்தியும் சொன்னதில்லை. மகளுக்கு டெங்கு வந்தது, அவள் குணமாகிப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். புயலில் பின்கட்டுக் கூரை பறந்தது, லீவில் வந்து புது ஷீட்டைப் பார்த்தபோதுதான் தெரியும். கேட்டால், "தூரத்துல இருக்குற மனுஷன்கிட்ட சொன்னா அங்க சோறு எறங்குமா?" என்பாள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு இருந்த ஒன்றரை மாதமும் எனக்கு ஒரே ஆபீஸ் வேலை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பட்டாளத்தான் வீடுகளில் இப்படித்தான். யூனிட்டில் எவனைக் கேட்டாலும் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

ஆனால் இது கூரை இல்லை, கண். இரண்டு நாள் எனக்கு உண்மையிலேயே சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள், மீதி சர்வீஸ் வேண்டாம், சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் என்று மனு எழுத உட்கார்ந்தேன்.

அந்த மாதிரி மனுக்களில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேருடையதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் யூனிட்டில் யாருடைய அம்மாவுக்கும் சாதாரணக் காய்ச்சல் வந்ததாகச் சரித்திரமே கிடையாது, வந்தால் சீரியஸ்தான். அதனாலேயே வெறும் மனுவை யாரும் நம்ப மாட்டார்கள். சொந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல ஆபீசுக்குக் கடிதம் போகும். அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, குடும்பத்தாரிடம் பேசி, இவன் சொல்வது நிஜம்தானா என்று ரிப்போர்ட் எழுதுவார். அந்த ரிப்போர்ட்தான் எல்லாம். மனு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ரிப்போர்ட் சரியில்லை என்றால் குப்பைக்குத்தான்.

டாக்டர் சீட்டின் நகலை மகள் அனுப்பினாள். 'கவனிக்க வேறு துணை இல்லை' என்ற வரியை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அங்கே வைத்தேன். மச்சானிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "கடலூர்லேருந்து ஒருத்தரு வீட்டுக்கு வருவாரு. நீ கூட இரு. நான் மனு போட்டது உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா வேணாம்னு குதிப்பா" என்றேன். "நான் பாத்துக்குறேன் மாமா, உடுங்க" என்றான்.

இதுதான் நான் செய்த மடத்தனம். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தபோது, 'வீட்ல மொதல்ல சொல்லி வை, என்ன கேப்பாங்கன்னு சொல்லிக் குடு' என்று வாய் கிழியச் சொன்னவன் நான். என் வீட்டுக்கு மட்டும் அது தோன்றவில்லை.

வந்தவர் நல்ல மனிதர். அவரும் ஓய்வு பெற்ற சுபேதார்தான். அன்று நடந்ததை மச்சான் போனில் ஒப்பித்தான். வாசலிலேயே, "உங்க வீட்டுக்காரரு யூனிட்லேருந்து கடுதாசி வந்திருக்கும்மா, உங்களப் பத்தி விசாரிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். அதோடு அவள் முகம் மாறிவிட்டதாம். தலையைச் சீவி, புடவை மாற்றிக்கொண்டு வந்து, ஒரு சொட்டு சிந்தாமல் காப்பி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். அவள் வீடு, அவள் அடுப்படி, கண்ணே வேண்டாம் அதற்கு.

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்னங்க. சுகர் இருக்குது. அது ஊர்ல யாருக்கு இல்ல?"

"கண்ணு சரியில்லன்னு எழுதியிருக்கே?"

"யாரு எழுதுனது? கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான்."

"தனியா இருக்கீங்க. சிரமம் இல்லியா?"

"சிரமம்னா அதுக்குன்னு வேலய உட்டுட்டு வந்துடுவாங்களா? அவருக்கு அவரு வேலதாங்க ஜாஸ்தி முக்கியம். எங்களால அவருக்கு ஒரு தொந்தரவும் கெடையாது, நல்லா எழுதிக்கோங்க."

மச்சான் நடுவில் வாயைத் திறந்திருக்கிறான். "நீ கம்முனு இருடா" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். கடைசியில் அவர் தாளை நீட்டியபோது, "எங்கங்க போடணும்? வெரல வெச்சிக் காட்டுங்க" என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "அக்கா என்னமோ படிக்காத பொம்பள மாதிரி கேக்குது மாமா, எனக்கே வெக்கமாப் போச்சி" என்றான் அந்தப் புத்திசாலி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்ட நானும் அந்த இடத்தில் சிரிக்கத்தான் செய்தேன்.

ரிப்போர்ட் நான்கு வரியில் வந்தது. மனைவி நலமாக உள்ளார், வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார், அருகில் சகோதரர் இருக்கிறார், குடும்பத்தில் அவசர நிலை ஏதும் இல்லை. அவர் பார்த்ததையும் கேட்டதையும் எழுதியிருந்தார். என் மனு திரும்பி வந்தது. திரும்பி வந்த மனுவுக்கு நம்பர் போட்டு ஃபைலில் சேர்த்ததும் நான்தான்.

அன்றைக்குப் போனில் கத்தினேன். கூட இருந்தவர்கள் எழுந்து வெளியே போகும் அளவுக்குக் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "உங்களுக்கு யாரோ வேலயில குழி பறிக்கிறாங்கன்னு நெனச்சேங்க. நம்ப வீட்ல சண்ட, அது இதுன்னு எவனாவது எழுதிப் போட்டிருப்பான்னு நெனச்சேன். நீங்களே எழுதுனீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு அவளே, "சரி உடுங்க. வந்து மட்டும் நீங்களா ஊசி போடப் போறீங்க? நான் மாசாமாசம் போயிடுறேன், போதுமா?" என்றாள்.

போனை வைத்த பிறகு, நாயக் ரேங்க்கில், எனக்கு ஒரு படி கீழே இருந்த ஒரு பையனின் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ரிப்போர்ட்டோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். "சார், எங்கம்மா படுத்த படுக்கையா இருக்குது சார். வந்தவருகிட்ட எழுந்து உக்காந்து நல்லாருக்கேன்னு சொல்லியிருக்குது" என்றான். "உங்கம்மாவே சொல்லிடுச்சில்ல, அப்புறம் என்னா?" என்று கேட்டேன். சல்யூட் அடித்துவிட்டுப் போனான். அவன் பொய் சொல்கிறான் என்று சத்தியமாக நம்பினேன். இப்போது அவன் எந்த யூனிட்டில் இருக்கிறான் என்று விசாரித்தேன். போன் நம்பர் கிடைத்தது. பேசி என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் மிச்சமிருந்தது. அந்த வருட லீவை மகளின் காலேஜ் அட்மிஷனுக்கே தீர்த்திருந்தேன். புது வருடம் பிறந்ததும் யூனிட் இடம் மாறியது, எனக்குப் பதிலாக வர வேண்டிய கிளார்க் வரவில்லை. அதற்காக லீவே கிடைத்திருக்காது என்று சொல்ல மாட்டேன். பிடிவாதமாகக் கேட்டிருந்தால் பத்து நாள் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு மாதமும் "போட்டாச்சிங்க, இப்ப பளிச்சினு தெரியுது" என்றாளே. ஒரு நாள் லீவுக்குக்கூட மூன்று சீட்டு கேட்கிற நான், அவளிடம் ஒரு சீட்டும் கேட்கவில்லை. மகளும் மச்சானும் அவள் சொன்னதைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அடிமனதில் பயம் இருந்தது. கேட்காமல் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்கிற மாதிரியான பயம்.

ஒருவழியாக அந்தத் தேதி வந்தது. ரெஜிமென்ட் சென்டரில் கணக்கு முடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். என்னோடு அதே நாளில் ஓய்வு பெற்ற இன்னொரு ஹவில்தாரும் வந்தார், சேத்தியாத்தோப்புக்காரர். என்னைவிட ஒரு சாண் உயரம், காது வரை முறுக்கிய மீசை. இப்போதெல்லாம் ஓய்வு பெற்று வருகிறவனை மாலை மரியாதையோடு ஊருக்குள் அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. அதனால் இரண்டு பேருமே விழுப்புரம் தாண்டியதும் யூனிஃபார்மை மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு தயாரானோம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டோம். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிதம்பரத்தில் வண்டி நின்றபோது காலை பத்து மணி இருக்கும். பிளாட்ஃபாரத்தில் இரண்டு கூட்டம், இரண்டு செட் மேளம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஆட்கள் ஒரே மாதிரி தொப்பி போட்டு வரிசையாக நின்றிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் ரோஜா மாலையோடு என் மனைவி. அவள் முழங்கையை மச்சான் பிடித்திருந்தான். வண்டி நின்றதும் வீடியோ எடுப்பதற்காகக் கையை விட்டுவிட்டு செல்போனைத் தூக்கினான்.

கதவருகில் நின்ற சேத்தியாத்தோப்புக்காரர் முதலில் இறங்கினார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். என் மனைவி நாலு எட்டு முன்னால் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எம்பி, மாலையை அவர் கழுத்தில் போட்டாள்.

பிளாட்ஃபாரமே வெடித்துச் சிரித்தது. "இருபத்தாறு வருசம் கண்ணுல காட்டாம வெச்சிருந்தா அப்படித்தான், புருஷனே மறந்துபூடும்!" என்றார் சங்கத்துப் பெரியவர். சேத்தியாத்தோப்புக்காரர் பாவம், கூசிப்போய்விட்டார். "அண்ணி, அவரு அந்தாண்ட நிக்கிறாரு" என்று மெதுவாகச் சொல்லி, மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். நானும்கூடச் சிரித்தேன். பதற்றத்தில் தடுமாறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் இங்க இருக்கேன்" என்றேன்.

குரல் வந்த பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்துச் சிரித்தாள். மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அரை அடி தூரத்தில் நின்று, இன்னும் என் தலை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கையை உயர்த்திக்கொண்டே நின்றாள். நான் குனிந்து மாலைக்குள் தலையைக் கொடுத்தேன். மாலையைச் சரிசெய்த அவள் விரல்கள் என் கன்னத்தில் பட்டு, மேலுதட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டன.

"மீசைய எப்பங்க எடுத்தீங்க?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

நரைத்துப் போயிற்றென்று அதை எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அந்த முகத்தோடுதான் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன்.