நாற்பத்து மூன்றாம் நம்பர்

நீங்கள் எப்போதாவது ஒரு மலைக்கு நம்பர் கொடுத்திருக்கிறீர்களா?

நான் கொடுத்திருக்கிறேன். கெம்பஸ் முடித்த கையோடு பதுளையில் ஒரு தேயிலைக் கம்பனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. கம்பனிக்கு ஏழு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். காலையில் அவை டெலிபோன் லைனில் ஏறி, விபிஎன் என்ற தனிப்பாதை வழியாக எங்கள் சேர்வருக்குள் வரும். உள்ளே வர ஆளுக்கொரு ஐபி முகவரி வேண்டும். கடைசி இலக்கம் நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை பத்து முகவரிகளை ஒதுக்கி வைத்திருந்தேன். முதலில் வருபவருக்கு நாற்பது, அடுத்தவருக்கு நாற்பத்தொன்று. போகும்போது விட்டுவிட்டுப் போக வேண்டும். நாளைக்கு யாருக்கு எதுவோ.

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மலையே இருக்காது. வெறும் வெள்ளை. திரையில் ஒரு தோட்டத்தின் பெயர் விழும்: பண்டாரவளை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: நமுனுகுல. காணாமல்போன மலைகள் மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் முன்னால் உட்காருவது போல இருக்கும். தேத்தண்ணி ஆறிப்போகும். வேலை பார்க்கிறேனா, முழித்துக்கொண்டே தூங்குகிறேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

மடுல்சீமைத் தோட்டத்து ஆபீசில் ஒரு கிளார்க் அக்கா. ஏழு மாதக் கர்ப்பம். விபிஎன் வருவதற்கு முன்னால், சனிக்கிழமைதோறும் கொழுந்து நிறை எழுதிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பதுளைக்கு வருவார். அந்த ரோட்டில் சும்மா வருகிறவர்களுக்கே குடல் இடம் மாறும். டொக்டர் பஸ்ஸே கூடாது என்றுவிட்டார். எங்கள் மேனேஜரோ, இந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் நிறை லைனில் வராவிட்டால் பழையபடி புத்தகமும் பஸ்ஸும்தான் என்றுவிட்டார். நான், "அதெல்லாம் பூ மாதிரி வரும் சேர்" என்று அளந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மடுல்சீமை வந்தது. நமுனுகுல வந்ததும் விழுந்தது. மறுபடி எழுந்தது, இப்போது நமுனுகுல விழுந்தது. ஒருவர் வந்தால் மற்றவருக்கு மூச்சு நின்றது. பார்த்தால் இரண்டும் நாற்பத்து மூன்றில் நின்றன. ஒரே முகவரியில் இரண்டு மலை.

தோட்டத்து ஃபெக்டரி போனில் அக்காவைப் பிடித்தேன். நம்பரில் கை வைத்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமா தங்கச்சி. மொத நாளு நாப்பத்திமூனு குடுத்தீங்க. நேத்து நாப்பத்தொன்னுங்குது. அது வேற யாரு நம்பரோ. அதான் என்னோடத நானே அடிச்சிட்டேன்."

"அக்கா, அது தெனம் மாறும். மாறினா ஒன்னுமில்ல."

"மாறுமா? தோட்டத்துல பேரு பதியிறப்ப குடுக்குற நம்பரு பென்சன் வரைக்கும் மாறாது தங்கச்சி. நம்பரு மாறிப்போனா ஒருத்தி ஆஞ்ச கொழுந்து இன்னொருத்தி பேர்ல விழுந்துரும். எங்கம்மாவுக்கு ஒருக்கா விழுந்துருச்சு."

தோட்டத்தில் நம்பர் என்றால் ஆள். செக்ரோல் என்ற வேலைப் பதிவுப் புத்தகத்தில் அந்த நம்பருக்கு நேரேதான் அன்றைய வேலை விழும். அதை இரவல் சட்டை மாதிரி தினமும் மாற்றி மாட்டச் சொன்னது நான். போதாததற்கு, வரிசையில் அது யாருக்குப் போகும் என்று பார்க்காமல் கேட்கிற நம்பரையே கொடுக்கலாம் என்ற பெட்டியில் டிக் போட்டு வைத்ததும் நானே. நாலு வருசம் படித்த லட்சணம்.

அப்போது ஒன்பதரை. அந்த டிக்கை எடுத்தேன். பத்து நம்பரில் இருந்து நாற்பத்து மூன்றை வெளியே எடுத்து, அக்காவின் பெயரிலேயே கட்டி வைத்தேன். இனி யார் முதலில் வந்தாலும் அது அவருக்கு மட்டும். நமுனுகுலவை ஒருமுறை இறக்கி ஏற்றினேன். அது நாற்பத்து நான்கை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தது.

"இப்ப வாங்கக்கா. உங்க நம்பர்தான்."

"பென்சன் வரைக்குமா?"

"பென்சன் வரைக்கும்."

மோடம் கீச்சிட்டு அடங்கியது. வெள்ளைக்குள்ளிருந்து மடுல்சீமை மெல்ல மேலே வந்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நிறை முழுக்க இறங்கி முடிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை அக்கா பஸ் ஏறவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஏறவில்லை.

இப்போது பிரசவ லீவில் இருக்கிறார்.