பொடியம்மாவின் பத்து விரல்

பொடியம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்து ஆட்கள். அவர் அங்கே துணிக்கிடங்கின் பொறுப்பாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அவர் கைபட்டுத்தான் வார்டுகளுக்குப் போகும். சில நாள் அந்தக் கையின் அடையாளமும் கூடவே போய்விடும். ஒருமுறை எலும்பு டாக்டர் முதுகில் ஊதா நிறக் கட்டைவிரல் ஒன்றைச் சுமந்துகொண்டு காலை முழுவதும் வார்டு சுற்றினார். நோயாளிகள் போர்வைக்குள் சிரித்தார்கள். யார் வேலை என்று யாரும் விசாரிக்கவில்லை. கம்மலில் பொடி, மூக்குக்கண்ணாடிக் காம்பில் பொடி, சாப்பாட்டு டப்பாவின் மூடியில் பொடி என்று திரிகிற ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

அது பாஸ்டல் பொடி. நிறத்தூளையும் சுண்ணாம்புத்தூளையும் பெயருக்குக் கொஞ்சம் பிசினோடு குழைத்து, உருட்டிக் காயவைத்த குச்சிதான் பாஸ்டல். பிசின் கூடினால் குச்சி கட்டையாகிவிடும், நிறம் இறங்காது. குறைந்தால் எடுக்கும்போதே உதிரும். மகள் பள்ளியில் படித்தபோது ஓவிய வகுப்புக்காக ஒரு பெட்டி வாங்கினார்கள். மகளுக்கு ஓவியம் ஏறவில்லை. காம்பஸும் அளவுகோலும் ஏறின. பின்னாளில் பேரிங் செய்யும் தொழிற்சாலையில், உலோகப் பரப்பின் சொரசொரப்பை அளக்கும் பொறியாளர் ஆனாள். வீணாகக் கிடக்கிறதே என்று பெட்டியைத் திறந்த அம்மா, அதற்குப் பிறகு அதை மூடவே இல்லை.

முதலில் சார்ட் தாளில் வரைந்தார். அது வழவழப்பு. முதல் பூச்சு நின்றது, இரண்டாவது வழுக்கி விழுந்தது. அடுத்து, சலவைக்கூடத்தில் விரிப்புகளைச் சுற்றி வரும் பழுப்புத் தாள். அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பு, அதாவது பல், இருந்தது, பொடியைக் கவ்விக்கொண்டது. தாளே பழுப்பாக இருந்ததில் இன்னொரு லாபம். வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் இவர் போட்டால் போதும், இடைப்பட்டதைத் தாள் பார்த்துக்கொண்டது. அதில் ஒன்றைச் சட்டம் போடக் கொடுத்தார். கடைக்காரர் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் பூட்டிவிட்டார். வீடு வந்து பிரித்தால் பாதி வானம் கண்ணாடிக்குக் குடிபோயிருந்தது.

"ஒரு படத்தைக் குடுத்தா ரெண்டாத் திருப்பித் தர்றாரு. நல்ல மனுஷன்" என்றார் கணவர்.

கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். சமையல் அவர் பொறுப்பு. மற்ற நிறம் ஒட்டி அழுக்கான குச்சிகளை அரிசியில் போட்டுக் குலுக்கினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று பொடியம்மா கண்டுபிடித்திருந்தார். குலுக்கிய அரிசியை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எந்த டப்பா என்று சொல்லி வைக்கவில்லை. ஒரு நாள் சோறு மழைமேக நிறத்தில் வெந்தது. கணவர் மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, அந்த மஞ்சள்லயும் சிவப்புலயும் காட்மியம் இருக்கு, விஷம். வாயில வைக்காதே, கொட்டிடு."

"கொட்டறதா? இவ்வளவு அழகான சோத்தை நான் பார்த்ததே இல்லம்மா."

"அப்பா."

"சரி சரி. ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் கொட்டறேன்."

பொடியம்மாவின் பயிற்சி காலையில், வேலைக்குக் கிளம்பும் முன். உள்ளங்கை அளவு தாள். ஜன்னலுக்கு எதிரே மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிதான் எப்போதும் படம். காய்ச்சல் என்றாலும் வரைவார். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் வரைவார், விருந்தாளியை ஜன்னலை மறைக்காமல் நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு.

"அந்தத் தொட்டியை இன்னும் எத்தனை தடவைதான் வரைவே?"

"அது தினம் வேற தொட்டிங்க."

"அப்ப நமக்குத் தண்ணி எதுலேர்ந்து வருது?"

குச்சியால் போட்டதை உடனே விரலால் தேய்த்து இழைப்பது அவர் வழக்கம். வானத்துக்குக் கட்டைவிரல், சுவருக்கு ஆள்காட்டி விரல், ஓரங்களுக்குச் சுண்டுவிரல் என்று பத்து விரலுக்கும் தனித்தனி வேலை பிரித்துக் கொடுத்திருந்தார். அந்தக் காலத்துப் படங்கள் அவ்வளவு நன்றாக இருக்காது. எல்லா நிறமும் எல்லா நிறத்தோடும் உறவாடிச் சேறாகியிருக்கும். பல வருஷம் கழித்துப் பொடியம்மா இறந்த பிறகு படங்களைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு பழுப்புத் தாளை மகள் எடுத்துக்கொண்டாள். அதன் வானத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், கட்டைவிரல் ரேகை முழுசாகத் தெரிகிறது.

பழுப்புத் தாளுக்குப் பிறகு வந்ததுதான் உப்புத்தாள். கதவையும் நாற்காலியையும் வண்ணம் அடிக்கும் முன் தேய்ப்போமே, அதேதான். இருப்பதிலேயே நைசான ரகத்தைக் கேட்டு இரும்புக்கடையில் போய் நின்றார்.

"எந்தக் கதவுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"கதவுக்கு இல்லைங்க. வானத்துக்கு."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்காமல் சுருட்டிக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தாள் பொடியை அப்படிக் கவ்விப் பிடித்தது. பூச்சின் மேல் பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு, எதற்கும் முகம் சுளிக்கவில்லை. பொடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போடுவார், தேய்ப்பார், போடுவார், தேய்ப்பார். விரல்நுனி லேசாக எரியும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி தேய்ப்பார். உப்புத்தாள் எதைத் தேய்க்க உண்டான பொருள் என்பதை யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மருத்துவமனையில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. அதைக் கவனிக்கும் மேற்பார்வையாளருக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் கடிகாரம். நல்லவர்தான். ஆனால் கண்ணால் பார்ப்பதைவிடப் பதிவானதை நம்புகிறவர். பொடியம்மா கட்டைவிரலை வைத்தார். மீண்டும் முயற்சிக்கவும் என்றது இயந்திரம், இனிய பெண் குரலில். அடுத்த விரல். மீண்டும் முயற்சிக்கவும். பத்தும் முடிந்தன. பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது.

"அக்கா, கால் விரலையும் வெச்சுப் பாருங்க" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

கடிகாரம் திரையைப் பார்த்தார். "அம்மா, நீங்க இன்னிக்கு வரலை."

"இதோ நிக்கிறேனே."

"நிக்கிறீங்க. ஆனா வரலை."

மாதக் கடைசிவரை தாளில் கையெழுத்து வாங்கிச் சமாளிப்பதாகவும், அதற்குள் ஒரு விரலாவது பதிவாகாவிட்டால் அந்த நாட்களெல்லாம் விடுப்பில் கழியும் என்றும், விடுப்பும் தீர்ந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் வருமானம் என்று இருந்தது இந்த வேலைதான். ஓய்வூதியம் இல்லாத கம்பெனியில் கணவர் வண்டி ஓட்டியிருந்தார்.

தோல் டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க? கொத்து வேலையா?"

"துணிக்கிடங்குல இருக்கேன் டாக்டர்."

"துணி பட்டா இப்படி ஆகாதே."

உப்புத்தாள் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் பத்து விரலையும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "காயம் ஒண்ணும் இல்லை. ரேகைதான் தேஞ்சிருக்கு, தானா வளர்ந்துடும். ஆனா தேய்க்கிறதை நிறுத்தணும்" என்றார்.

நிறுத்தினார். தேய்க்காமல் வரையத் தெரியாது என்பதால் வரைவதையே நிறுத்தினார். கட்டுகிற துணிப்பொட்டலத்தைக் கட்டினார், வீட்டுக்கு வந்தார், காலையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கை சும்மா இருக்கவில்லை. அதன் விளைவைக் கணவர்தான் அனுபவித்தார். மகளுக்கு மறுபடி போன் போனது.

"உங்கம்மா என் சட்டையெல்லாம் எடுத்து, வெளிர் நிறத்துலேர்ந்து அடர்த்தி வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கா. நடுவுல ஒண்ணு எடுத்தா வரிசை கலையுதுன்னு சண்டை. நான் ரெண்டு நாளா ஓரத்துச் சட்டையைத்தான் போட்டுட்டு இருக்கேன். நீ கிளம்பி வா."

மகள் ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தாள். ரப்பர் விரலுறை, உப்புத்தாளில் அது கிழிந்து வானமெங்கும் ரப்பர் துணுக்குப் பறவைகள். கார்க், நிறத்தைத் தள்ளியது, இழைக்கவில்லை. தொழிற்சாலையில் மெருகேற்றப் பயன்படும் கம்பளித் துண்டு. அது வேலையைச் சுத்தமாகச் செய்தது, தொட்டியையே துடைத்து எடுத்துவிட்டது.

"விரல்னா எங்க அழுத்தணும், எங்க விடணும்னு அதுக்கே தெரியும்டி" என்றார் பொடியம்மா. "இது எல்லாம் குருடு."

"நீ ஏம்மா தேய்க்கணும்?"

"ஏன் மூச்சு விடணும்னு கேளேன்."

மகள் தொழிலுக்கு வைத்திருக்கும் லென்ஸைப் பழைய படம் ஒன்றின் மேல் வைத்து, அம்மாவைப் பார்க்கச் சொன்னாள். தேய்த்த இடம் மெழுகின தரை மாதிரி இருந்தது. தாளின் ஓரத்தில், விரல் எட்டாமல் விட்டுப்போன ஒரு கீற்று. அங்கே மேடும் பள்ளமுமாகத் தாள் தெரிந்தது. மேட்டில் நீலத் துகள்கள், பள்ளத்தில் அடியில் போட்ட ஆரஞ்சு, ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கின.

"பள்ளத்தை எல்லாம் நீ அடைச்சுடறே. அப்புறம் அடுத்த நிறம் எங்க உக்காரும்?"

பொடியம்மா லென்ஸைத் திருப்பித் தரவில்லை. அன்று மாலைவரை வீட்டிலிருந்த படங்களின் ஓரங்களை எல்லாம் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். ஆனால் பழகிய கையை நம்ப முடியவில்லை. நீலத்தைப் போட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் தானாகத் தாளுக்குப் போனது. இடது கையால் பிடித்து இழுத்தால், கொஞ்ச நேரத்தில் அந்த இடது கையே தேய்க்கக் கிளம்பியது. கடைசியில் இரண்டு கையையும் வேலையில் மாட்டிவிட்டார். ஒவ்வொரு கையிலும் விரலிடுக்குகள் நிறையக் குச்சிகள். சும்மா இருக்கிற விரல் ஒன்றுகூட இல்லை. வலது கை நீலக் கோடு போட்டால், இடது கை பக்கத்திலேயே ஒரு ஆரஞ்சுக் கோடு போடும். இரண்டையும் சேர்த்து வைக்க எந்த விரலும் போகக்கூடாது.

ஆரம்பத்தில் படுமோசம்.

"என்ன இது, தொட்டிக்கு மயிர் முளைச்சிருக்கு" என்றார் கணவர்.

"உங்களுக்கு இல்லாதது அதுக்காவது இருக்கட்டும்."

மயிர் முளைத்த தொட்டிகள் அலமாரியில் சேர்ந்தன. மாதம் முடிந்துகொண்டே வந்தது. கடிகாரம் தினமும் ஒருமுறை விரலை வைக்கச் சொல்வார், இயந்திரம் தினமும் இனிய குரலில் மறுக்கும். வளர்ந்திருக்கிறதா என்று பொடியம்மா பேருந்தில் விரலைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு காலை கணவர் டீயோடு சமையலறையிலிருந்து வந்தவர், கதவருகிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து பார்க்கையில் படத்தில் கோடு எதுவும் தெரியவில்லை. தொட்டியின் ஒரு பக்கம் வெயில் பட்டுச் சுட்டது. கிட்டே வந்தார், கோடு கோடாகப் போனது. பின்னால் போனார், மறுபடி வெயில். டீ ஆறும்வரை போய்ப்போய் வந்தார்.

"என்னங்க, வழி மறந்துபோச்சா?"

"இரு. இங்க நின்னா சூடா இருக்கு, அங்க வந்தா வெறும் குச்சிக் கோடு. எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

பொடியம்மாவும் எழுந்து கதவருகே போய் நின்று பார்த்தார். அன்று பேருந்தில் விரலைப் பார்க்க மறந்துவிட்டார்.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் இடது கை மோதிர விரல் பதிவானது. வரிசையில் கைதட்டினார்கள். கடிகாரம் திரையை இரண்டு முறை படித்துவிட்டு, "வந்துட்டீங்கம்மா" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. வலது கட்டைவிரலும் சில வாரங்களில் சேர்ந்துகொண்டது.

"ஒரு விரல் போதும்னுதானே அந்த ஆளு சொன்னாரு" என்றார் கணவர். "அதைப் பத்திரமா வெச்சுக்க. மீதி ஒம்போதும் சும்மாதானே இருக்கு, ஆசை தீரத் தேய்ச்சுக்க."

பொடியம்மா குச்சிகளைக் கீழே வைத்தார். ஆள்காட்டி விரலை வானத்தின் ஒரு மூலையில் வைத்து, பழைய மாதிரி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். நீலமும் ஆரஞ்சும் கலந்து அந்த மூலையின் வெளிச்சம் மட்டும் அணைந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரிகையால் அந்தப் பொடியைத் தட்டிவிட்டு, தாளின் பல் தெரிந்ததும் குச்சிகளை மறுபடி எடுத்து இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டார்.

"என்ன, வேண்டாமா?"

"வேண்டாங்க. உசிரு போயிடுது."

"அப்ப மெஷின்காரருக்கு ஒரு நன்றி சொல்லணுமே."

"சொல்லித் தொலைக்காதீங்க. நன்றிக்கும் விரல் வைக்கச் சொல்வாரு."

டீ தயாராக இருந்தது. பிடிக்க அவருக்குக் கை இல்லை. கணவர் டம்ளரை வாயருகே பிடித்தார். பொடியம்மா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு மிடறு குடித்தார்.

"சர்க்கரை கம்மி."

"ரெண்டு கையையும் நிறைச்சு வெச்சிருக்கறவங்க குறை சொல்லக் கூடாது" என்றார் கணவர். ஆனாலும் சர்க்கரை எடுத்துவர உள்ளே போனார்.